தேசிய மலர் காலிஃபிளவர்

அந்த அறையில் ஏர்கான் ரொம்பக் குளிர். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் என் தோழி பச்சையம்மா. கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நான். துணைக்கு உட்காரலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னை உள்ளே விட்டிருந்தார்கள்.

அதிகாரி மலாய்க்காரப் பெண். என் மூத்த பேத்தி வயசுதான் இருக்கும். இளம்பச்சை முக்காடு, விரலில் ஒரு சின்ன மோதிரம். மேசைமேல் பச்சையம்மாவின் சிவப்பு அடையாள அட்டை கிடந்தது. சிவப்பு அட்டை என்றால் இந்த நாட்டில் தங்கியிருக்கலாம், அவ்வளவுதான். நீல அட்டை என்றால் குடிமகள். இவளுக்கு நீலம் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் இந்த நேர்காணல். எல்லாம் மலாய் மொழியில்.

"மக்சிக், நம்ம நாட்டோட தேசிய மலர் எது?" என்று அதிகாரி கேட்டாள். வயசான பொம்பளைகளை மலாய்க்காரர்கள் மரியாதையாக மக்சிக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அதுவரை கூனிக்கொண்டிருந்த பச்சையம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெளிவாக, சத்தமாகச் சொன்னாள்:

"புங்கா கோபிஸ்."

அதாவது, காலிஃபிளவர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பதில் தெரியாமல் அவள் அப்படிச் சொல்லவில்லை. செம்பருத்தி என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அவள் வாயில் காலிஃபிளவர் வந்ததற்குக் காரணம் நான். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத் திரும்ப இந்த அறைக்கு வருகிறேன். பச்சையம்மா கொஞ்ச நேரம் அந்தக் குளிரிலேயே இருக்கட்டும்.

வெங்காயத் தோலுக்கு அடியில்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் பின்பக்கம் கேட்டரிங் சமையற்கட்டு ஒன்று இருக்கிறது. கல்யாணம், பிறந்தநாள், கம்பெனி மதியச் சாப்பாடு எல்லாம் அங்கேயிருந்துதான் போகும். நடத்துகிறவள் மங்கை. எங்களைவிட முப்பது வயசு சின்னவள். ஆனாலும் எல்லாருக்கும் அவள் பாஸ்.

அங்கே சின்ன வெங்காயம் உரிக்கிற வேலை எங்கள் மூன்று பேருக்கு. நான், பச்சையம்மா, சரோஜா. வாரத்தில் நாலு நாள் காலையில் போவோம். மகன் வேண்டாம் என்றுதான் சொல்கிறான். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் பிடிப்பதில்லை. இதை டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். 

எனக்கு வீடு கிள்ளானில். பச்சையம்மாவுக்குப் பண்டமாரான். துறைமுகப் பக்கமிருந்து வரும் ரயிலில் அவள் முதலில் ஏறிவிடுவாள். பக்கத்து சீட்டில் குடையைப் போட்டு வைப்பாள். யாராவது உட்கார வந்தால், "ஆள் வருது லா" என்பாள். சீனர், மலாய்க்காரர், வங்காளதேசத்துப் பையன் யாராக இருந்தாலும் தமிழில்தான் சொல்வாள். எல்லாருக்கும் புரியும்.

வெங்காயத் தோல் கொட்டுவதற்குப் பழைய பேப்பர் விரிப்போம். எங்களில் சரோஜாவுக்குத்தான் படிக்கத் தெரியும். ஒருநாள் தோலை ஒதுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தவள், "அக்கா, இதுல மாணவர் பக்கம் இருக்கு. பொது அறிவுக் கேள்வி. கேக்கட்டுமா?" என்றாள்.

அப்படி ஆரம்பித்தது.

எனக்கு எழுத்து தெரியாது. இதையே என் மருமகள்தான் உட்கார்ந்து எழுதுகிறாள். எழுத்து தெரியாததில் ஒரு வசதி உண்டு, எதைக் கேட்டாலும் புதுசாக இருக்கும். ஒட்டகச்சிவிங்கிக்கு அவ்வளவு நீளக் கழுத்தில் ஏழே எலும்புதானாம். நமக்கும் ஏழேதானாம். அதைக் கேட்ட அன்றைக்கு வெங்காயக் கையோடு பிடரியைத் தடவி எண்ணிப் பார்த்தேன். மூன்றுக்கு மேல் அகப்படவில்லை. ரயிலில் பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

கணவாய்க்கு மூன்று இதயமாம். சோத்தோங் சம்பால் செய்வதற்குக் கிலோ கிலோவாகக் கணவாய் கழுவியிருக்கிறேன். அத்தனை இதயத்தையும் வழித்துச் சாக்கடையில் போட்டிருக்கிறேன். ஒன்றையாவது உற்றுப் பார்த்தேனா? இப்போது கணவாய் வந்தால் முதலில் அதைத்தான் தேடுகிறேன். பாஸ் திட்டுகிறாள்.

சில கேள்விகளுக்குப் பதில் அடுத்த வாரப் பேப்பரில் என்று போட்டிருக்கும். அந்தப் பேப்பர் எந்த மீன்கடைக்குப் போனதோ. ஆமைக்குப் பல் உண்டா என்று இரண்டு மாதம் அடித்துக்கொண்டோம். கடைசியில் மீன் கொண்டுவருகிற லோரி அண்ணன்தான் இல்லை என்று தீர்த்து வைத்தார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்கவில்லை.

முதலில் பொய்

பச்சையம்மாவுக்கும் படிப்பு கிடையாது. ஆனால் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அப்படியே நிற்கும். சரோஜா கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். ஒரே கேள்விதான் பேப்பரில் திரும்பத் திரும்ப வருகிறதே. அதனால் எனக்கு ஒரு பதில்கூடச் சொல்ல வாய்ப்பில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பாஸ் அதைப் பார்த்துவிட்டு ஒரு சட்டம் போட்டாள்.

"இந்தா பாருங்க. யாரும் நேரா சரியான பதில சொல்லக் கூடாது. முதல்ல ஒரு தப்புப் பதில், சிரிக்கிற மாதிரி. அப்புறம்தான் சரியானது. நேரா சொன்னா ஒரு பேசின் நிறைய வெங்காயம் கூட உரிக்கணும்."

பச்சையம்மாவின் வேகத்தைக் குறைக்கத்தான் இந்தச் சட்டம். நடந்தது வேறு. பொய்ப் பதிலில் அவள்தான் ராணியாகிவிட்டாள்.

"கணவாய்க்கு எத்தனை இதயம்?"

"ஒண்ணுகூட இல்ல, என் சின்ன மருமக மாதிரி. மூணு."

"உலகத்துலயே பெரிய பறவை எது?"

"பாஸு வீட்டுக்காரரு. வர்றதுமில்ல, பறக்கிறதுமில்ல. நெருப்புக்கோழி."

பாஸுக்கே சிரிப்பு தாங்கவில்லை. அடுப்படியில் ரொட்டி தட்டுகிற நேப்பாளத் தம்பியும் எதற்கென்று தெரியாமல் சிரித்தான்.

ரப்பர் மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று சரோஜா ஒருநாள் கேட்டாள். இந்த ஊர் மரம்தானே என்றேன் நான். என் அம்மா பால் வெட்டிய மரம், எனக்குத் தெரியாதா? இல்லையாம், பிரேசிலாம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அன்றைக்குப் பச்சையம்மா மட்டும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்த மரமும் வெளிநாட்டுலேர்ந்து வந்ததுதானா?"

"ஆமாக்கா."

"அதுக்கு நீலக் கார்டு கொடுத்துட்டாங்களா?"

சரோஜா சிரித்தாள். பச்சையம்மா சிரிக்கவில்லை. இது பொய்ப் பதிலா, சரியான பதிலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. யாரும் பேசின் வெங்காயம் கேட்கவுமில்லை.

ஒரு சைக்கிள்

நானும் அவளும் ஒரே மாதிரிதான் பிறந்தோம். இரண்டு பேரும் ரப்பர் தோட்டத்து வீட்டில், மருத்துவச்சி கையில். என் அப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. நான் பிறந்த வாரம் அதை மிதித்துக்கொண்டு டவுனுக்குப் போய் என் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். பச்சையம்மாவின் அப்பாவிடம் சைக்கிள் இல்லை. நாளைக்குப் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்று இருந்துவிட்டார். எனக்கும் அவளுக்கும் வித்தியாசம் அந்தச் சைக்கிள்தான். நான் அதிகமாக ஒன்றும் செய்துவிடவில்லை.

தேர்தல் நாளில் நாங்கள் கூட்டமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போடப் போவோம். அவளும் வருவாள். வாசல் வரைக்கும். எங்கள் கைப்பை, போன், குடை எல்லாவற்றையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பாள். நாங்கள் விரலில் மையோடு வந்து பையை வாங்கிக்கொள்வோம். ஒரு தடவை நான் உள்ளேயிருந்து வர நேரமாகிவிட்டது.

"என்னக்கா, உள்ள சாப்பாடா போட்டாங்க?" என்றாள்.

"வரிசை நீளம்டி."

"ஒரு தடவையாச்சும் எம் பைய நீ தூக்கிக்கிட்டு வெளிய நிக்கணும். நான் வேணும்னே லேட்டா வருவேன், பாரு."

அவள் கேட்டது அவ்வளவுதான்.

இரண்டு தடவை மனுப் போட்டாள். இரண்டு தடவையும் இல்லை என்றாகிவிட்டது. இரண்டாம் தடவை நேர்காணல் வரைக்கும் போனாள். போய் என்ன செய்ய? மீன்கடைக்காரரிடம் மலாயில் அரை மணி நேரம் சண்டை போடுகிறவள், அதிகாரிக்கு முன்னால் வாயே திறக்கவில்லையாம். பேர் என்ன என்றதற்குத் தலையை ஆட்டினாளாம். மலாய் தெரியாது என்று எழுதிவிட்டார்கள். எழுதியது தப்பென்று சொல்ல முடியாது. அவர்கள் கேட்டது எதையும் இவள் சொல்லவில்லையே.

இப்போது மூன்றாம் தடவை கடிதம் வந்திருந்தது. பச்சையம்மாவுக்கு எழுபத்தொன்று. இதிலும் இல்லை என்றால் இன்னொரு தடவை மனுப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நான் செய்த காரியம்

சரோஜா பழைய பேப்பரையெல்லாம் தேடி எழுபது கேள்வி சேர்த்தாள். கொடியில் எத்தனை கோடு, எத்தனை மாநிலம், உயரமான மலை எது, தேசிய மலர் எது. எல்லாவற்றையும் மலாயில் கேட்டுப் பழக்கினோம்.

முதல் நாளே சரோஜா சொன்னாள், "அக்கா, இன்டர்வியூ முடியிற வரைக்கும் பாஸோட சட்டம் வேணாம். பச்சைக்கா நேரா பதில் சொல்லிப் பழகட்டும்."

பாஸும் சரி என்றாள். வேண்டாம் என்று சொன்னவள் நான்.

"அதெல்லாம் முடியாது லா. சிரிப்பும் இல்லாம வெங்காயம் உரிச்சா கண்ணுத் தண்ணி மட்டும்தான் மிஞ்சும். சட்டம்னா சட்டம்."

எனக்கு என் வேடிக்கை முக்கியமாகப் போய்விட்டது. அப்படித்தான் ஆறு வாரம், எழுபது கேள்விக்கும் அவள் முதலில் ஒரு பொய், பிறகு ஒரு மெய் என்று பழகினாள். மாநிலம் எத்தனை? பதினாலு, எங்க கிச்சனையும் சேத்தா; பதிமூணு. தேசிய மலர்? காலிஃபிளவர்; செம்பருத்தி.

போகிற அன்றைக்கு ரயிலில் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் இந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

குளிர் அறை

இப்போது நான் கண்ணைத் திறந்தேன்.

அதிகாரி பேனாவைத் தாளில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை கேட்ட பேர், வயசு, வீடு எல்லாவற்றுக்கும் பச்சையம்மா ஒவ்வொரு சொல்லாகத்தான் முனகியிருந்தாள். முதல் தடவையாக ஒரு பதில் உரக்க வந்தது. அதுவும் காலிஃபிளவர்.

"மக்சிக், காலிஃபிளவரா?"

 எங்கள் சட்டப்படி அடுத்துப் பச்சையம்மா சரியான பதிலைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது, செம்பருத்தி வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் உதட்டை அசைத்தேன். அதிகாரியும் என்னைப் பார்த்தாள். உதட்டை மூடிக்கொண்டேன்.

எனக்கு அப்போது மனசில் ஓடியது இதுதான்: இவள் மூன்றாவது தடவையும் சிவப்பு அட்டையோடு வீட்டுக்குப் போகப் போகிறாள், என் சிரிப்புக்காக.

பச்சையம்மா இரண்டு கையையும் மேசைமேல் வைத்தாள். வெங்காயக் கறை ஏறிய நகம். பேச ஆரம்பித்தாள். மலாயில். மீன்கடை மலாயில். அதிகாரிக்கு மட்டும் மரியாதையாகப் புவான், அதாவது மேடம்.

"இல்ல புவான், அது தப்பு. எனக்குத் தெரியும் தப்புன்னு. எங்க கிச்சன்ல முதல்ல தப்பாத்தான் சொல்லணும். சரியா சொன்னா ஒரு பேசின் வெங்காயம் உரிக்கச் சொல்வாங்க."

"யாரு சொல்வாங்க?"

"பாஸ். எனக்கு எல்லா பதிலும் தெரியுதுன்னு மத்தவங்களுக்குப் பொறாமை. அதுக்குத்தான் இந்தச் சட்டம். அதோ உக்காந்திருக்கா பாருங்க, இவதான் முக்கியமான ஆளு."

அதிகாரி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பதால் தலையை மட்டும் குனிந்துகொண்டேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு வெங்காயம் உரிப்பீங்க?"

"இருபது கிலோ. கல்யாண மாசம்னா இன்னும் கூட."

"கண்ணு எரியாதா? என் அம்மா ரெண்டு வெங்காயம் அரிஞ்சாலே அழுதுகிட்டு உக்காந்துருவாங்க."

"அய்யோ புவான், அவங்கள முதல்ல தண்ணியில ஊற வைக்கச் சொல்லுங்க. வெங்காயத்தத்தான், அவங்கள இல்ல. அப்புறம் ஃபேன் முதுகுப் பக்கம் இருக்கணும். முன்னாடி வச்சா எல்லாம் மூஞ்சியிலதான் வரும்."

இரண்டு பேரும் வெங்காயத்திலிருந்து ரெண்டாங் கறிக்குப் போனார்கள். ரெண்டாங்கிலிருந்து மாமியாருக்குப் போனார்கள். அதிகாரிக்குப் போன வருஷம்தான் கல்யாணமாம். மாமியார் கிளந்தான்காரராம், எல்லாவற்றிலும் சீனி போடுவாராம். பச்சையம்மா அதற்கும் வழி சொன்னாள். நடுவில் ஒரு சொல் மலாயில் வராவிட்டால் கையால் செய்து காட்டினாள். எனக்குக் குளிர் விட்டுப்போயிற்று.

"புவான், நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் பச்சையம்மா.

"கேளுங்க."

"சோத்தோங்குக்கு எத்தனை இதயம்?"

அதிகாரி யோசித்தாள். "ஒண்ணு?"

"மூணு!" என்று பச்சையம்மா மூன்று விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பொய்யில்ல, பேப்பர்ல போட்டிருக்கு."

"மூணா?" அதிகாரிக்கு அன்றைக்கு ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தைக் கேட்ட என் முகம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தாளில் எதையோ எழுதினாள். ஒரு முத்திரை குத்தினாள்.

"சரி மக்சிக். முடிஞ்சது. லுலுஸ்."

லுலுஸ் என்றால் பாஸாகிவிட்டாள், தேறிவிட்டாள். அது எனக்குத் தெரியும், பிள்ளைகளின் பரீட்சையில் கேட்ட சொல். பச்சையம்மா நகரவில்லை.

"மீதிக் கேள்வி?"

"மீதி இல்ல. நீங்க மலாய் பேசுவீங்களான்னு பாக்கத்தான் கூப்பிட்டது. பூவு பேச்சுக்குக் கேட்டது. நீங்க ஒண்ணுமே பேசாம இருந்தீங்களே, அதுக்காக."

"எழுபது கேள்வி படிச்சிருக்கேன் புவான்! ஆறு வாரம்! மலை கேளுங்க. மாநிலம் கேளுங்க. கொடியில கோடு கேளுங்க."

"வெளிய ஆள் காத்திருக்காங்க, மக்சிக்."

"ஒண்ணே ஒண்ணு கேளுங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி. தேசிய மலர் எது?"

பச்சையம்மா எழுந்து நின்றாள். பள்ளிக்கூடமே போகாதவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள்.

"புங்கா ராயா."

செம்பருத்தி. நேராக. பொய்யில்லாமல். எங்கள் சட்டப்படி ஒரு பேசின் வெங்காயம். அதை நானே உரித்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

வெளியே

அட்டை கையில் வரவில்லை. பேச்சில் பாஸ், இனி மனு மேலிடத்துக்குப் போகும், கடிதம் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். சிவப்பு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பச்சையம்மா அதை வாங்கி, முன்பக்கம் பின்பக்கம் பார்த்து, பைக்குள் போட்டாள்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். "பச்சை, அந்தச் சட்டத்த நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு அக்கா. அந்தக் காலிஃபிளவர் வரலன்னா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வராந்தாவில் நம்ம ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் வயசுதான். சுங்கை பூலோவிலிருந்து வந்தாராம். கையில் சிவப்பு அட்டை, பிளாஸ்டிக் உறைக்குள். அடுத்த நம்பர் அவருடையது. அட்டையை உறையிலிருந்து எடுப்பதும் திரும்பச் செருகுவதுமாக இருந்தார். பச்சையம்மா நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, பயப்படாதீங்க. உள்ள இருக்கிறது நல்ல பொண்ணு. வாய மூடிக்கிட்டு மட்டும் இருக்காதீங்க. எதையாச்சும் பேசுங்க. என்ன வேலை பாத்தீங்க?"

"லோரி ஓட்டுனேம்மா."

"லோரியப் பத்திப் பேசுங்க. பூவு கேட்டா புங்கா ராயா. காலிஃபிளவர்னு மட்டும் சொல்லிராதீங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். அட்டையை உறைக்குள் செருகிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கெடைச்சிருச்சாம்மா?"

"பேச்சுல பாஸ்ணே. கார்டு வரணும்."

"எப்ப வரும்?"

பச்சையம்மா கொஞ்சம் யோசித்தாள். எழுபது கேள்வியையும் ஒரு தடவை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அது பொது அறிவுல இல்லண்ணே."